நான் செத்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும்

நாலு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. வாசகர்கள் யாராவது தேடினார்களா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "ரெண்டு பேர் கேட்டாங்க சார். ஒருத்தர், இனிமே வராதான்னு சந்தோஷமா கேட்டார்" என்றார். உண்மை பேசும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை இடது கையால் தட்டச்சு செய்கிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடுப்பில் கம்பி. வாக்கியங்கள் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தால் அதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். ரெண்டாவது சனிக்கிழமை காலை, சிம்மக்கல்லுக்குப் போனேன். எதற்கு? நெருப்புப் பிடிக்காத, தண்ணீர் புகாத பைல் பெட்டி ஒன்று அங்கே மொத்த விலைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். வங்கி லாக்கரில் இடமில்லாமல் வீட்டில் மிஞ்சிய அவசரக்கால ஆவணங்களை வைக்க. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கால் வைத்த இடத்தில் சாலை இல்லை, குழி இருந்தது. அவசரக்காலத்துக்குப் பெட்டி வாங்கப் போன இடத்தில் அவசரக்காலமே வந்துவிட்டது.

"என்ன பெருசு, பாத்து எறங்கக் கூடாதா?" என்றார் கண்டக்டர். நியாயமான கேள்வி. கையிலிருந்து பறந்த செல்போன் மேல் அதே பஸ்ஸின் பின்சக்கரம் ஏறி இறங்கியது. ஆட்டோக்காரர் ஒருவர்தான் என்னைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கும் தகவல் சொன்னார்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் முப்பத்தாறு வருடம் வங்கியில் இருந்தவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் ஒரு பைல் செல்லப் பிள்ளையாக வளர்ந்தது. டெபாசிட் ரசீதுகள், இன்ஷூரன்ஸ், வீட்டுப் பத்திரம், உயில், எந்தப் பாரத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு… எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு, பக்கம் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கம்.

இதோடு விட்டேனா? ஒத்திகையும் உண்டு.

ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மட்டன் குழம்பு கொதிப்பதற்குள் நான் செத்துப்போவேன். சோபாவில் நீட்டிப் படுத்து, கையை மார்பில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வேன். என் மனைவி ஸ்டெல்லா கரண்டியோடு வந்து எதிரே நிற்பாள்.

"நான் போயிட்டேன். முதல்ல என்ன செய்வ?"

"அழுவேன்."

"அது சரி. பைல்ல இல்ல. அடுத்தது?"

"டெத் சர்ட்டிபிகேட். பத்து காப்பி."

"அப்புறம்?"

"பேங்குக்குப் போயி, நாமினி பாரம் குடுத்து, லாக்கரத் திறந்து, பைல எடுப்பேன். சீக்கிரம் எந்திரிங்க, குழம்பு அடிப்பிடிக்குது."

நூற்றுக்கு நூறு. வருடா வருடம் நூற்றுக்கு நூறு. ஒரே ஒரு வருடம் மட்டும் அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். அவள் கணக்கு டீச்சர். மிஷன் பள்ளி ஒன்றில், பென்ஷன் இல்லாத பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். கேள்வி எப்போதும் கொஞ்சம் ஓரமாகவே வரும்.

"ஏங்க, செத்தா சரி. சாகாம படுத்துக் கிடந்தா?"

"அது சிலபஸ்ல இல்ல" என்றேன்.

பைல் எப்படி லாக்கருக்குப் போனது? வீட்டு பீரோவுக்குள் கரையான் வந்து, உயிலின் ஓரத்தைத் தின்றுவிட்டது. அதனால் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினேன். அந்த லாக்கர் என் பெயரில் மட்டும் இருந்தது. எடுத்த அன்று ஸ்டெல்லாவுக்குப் பள்ளியில் பரீட்சை. வந்து கையெழுத்துப் போட முடியவில்லை. அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அப்புறத்துக்கு முப்பது வயதாகிவிட்டது. ஆனால் நாமினி அவள்தான். அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணிரணும். இந்த வயசுல தள்ளிப்போட்டுப் படுக்க வைக்கிறது நல்லதில்ல." சரி. கவுன்டரில் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றாள் ஸ்டெல்லா. பாலிசி நம்பர்? லாக்கரில். அதன் நகல் என் செல்போனில். செல்போன் சிம்மக்கல் சாலையோடு ஒட்டிக்கிடக்கிறது.

"பரவால்லம்மா. ஆனா எப்படியும் அப்ரூவல் திங்கக்கெழமைதான் வரும். அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டிருங்க" என்றது கவுன்டர்.

சேமிப்புக் கணக்கு என் பெயரில். டெபாசிட்டுகள் என் பெயரில். ரெண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. மறுநாள் ஞாயிறு. ஏடிஎம் கார்டு இருந்தது. பாதுகாப்புக்காக ஒரு நாளைக்குப் பத்தாயிரம் என்று வரம்பைக் குறைத்து வைத்தவர் யார்? நான்தான். செல்போனில் பணம் அனுப்பும் வசதி? மோசடிக்கு வழி என்று இந்தப் பக்கத்திலேயே மூன்று முறை எழுதி, வைத்துக்கொள்ளாமல் இருந்தவர் யார்? அவரும் நானே.

ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்று ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்.

"நாமினி நான்தானங்க?"

"நீதான்."

"அப்ப?"

"நான் செத்தாத்தான் அது வேலை செய்யும்."

"இம்புட்டு வருஷம் ஒத்திகை பாத்ததுக்கு, செத்தே காட்டிருக்கலாம். வேல சுளுவா முடிஞ்சிருக்கும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் கணக்கு டீச்சர்.

'நாமினி நான்தானே' என்ற கேள்வி என் காதில் விழுவது அது முதல் முறை இல்லை என்பதுதான் விஷயம்.

நான் ஆரப்பாளையம் பக்கம் ஒரு கிளையில் மேனேஜராக இருந்தபோது ஒரு பெண் வந்தாள். புருஷன் ஐசியூவில். கணக்கு அவன் பெயரில். "நாமினி நான்தான சார்?" என்று இதே வார்த்தைகளில் கேட்டாள். அவர் உயிரோடு இருக்கும்வரை உனக்கு உரிமை இல்லையம்மா, விதி அப்படி என்றேன். சரியான பதில். ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது. வங்கியிலிருந்து ஓர் ஆள் ஆஸ்பத்திரிக்கே போய், சாட்சி வைத்து, நோயாளியின் கைரேகை வாங்கிப் பணம் கொடுக்கலாம். அது எனக்குத் தெரியும். அன்று அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நாள். அனுப்ப ஆள் இல்லை. அதனால் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து அவள் மறுபடி வந்தாள். இந்த முறை நாமினியாக. தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. பத்து நிமிடத்தில் பணம் கொடுத்தேன். வேகமான சேவை என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவனுக்கு விட்டத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இதெல்லாம் வரிசையாக வருகிறது.

"நீங்க படுத்திருங்க. நான் போயிட்டு வாரேன்" என்றாள் ஸ்டெல்லா. எங்கே என்று கேட்டேன். அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மாலை ஆறரை மணிக்குத் திரும்பி வந்தாள். கூடவே எதிர்வீட்டு பத்மாவதி. புருஷன் சுங்குடிச் சேலை வியாபாரி. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், சண்டை என்று வந்தால் இரண்டும். பத்மாவதியின் கையில் ஒரு மஞ்சள் பை. கவுன்டரில் பணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிட்டுத்தான் என் கட்டிலுக்கே வந்தார்கள்.

"ஏது பணம்?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்மாவதிதான் வாயைத் திறந்தாள்.

"சீட்டு அண்ணே."

எங்கள் தெருவில் பத்மாவதி ஏலச்சீட்டு நடத்துவது எனக்குத் தெரியும். பதிவு இல்லாத சீட்டு எவ்வளவு ஆபத்து என்று இந்தப் பக்கத்தில் ஒரு வாரம் முழுக்க எழுதியதே அதை மனதில் வைத்துத்தான். ஸ்டெல்லா டியூஷன் பணத்தை ஆறு வருடமாக அதில் போட்டு வருகிறாள் என்பதுதான் தெரியாது.

"நீங்க எழுதினத வெட்டி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிருக்கோம்ணே. சீட்டுக்கு வாரவங்க எல்லாம் படிச்சுட்டுத்தான் பணம் கட்டுவாங்க" என்றாள் பத்மாவதி.

ஏலம் நடக்கும் நாள் என்ன தெரியுமா? மாதாமாதம் ரெண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. வங்கி மூடியிருக்கும் நாளில்தான் அந்த வங்கி திறக்கிறது.

ஏலச்சீட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அந்த மாதப் பணம் அவசரமாக வேண்டும் என்பவர்கள், எனக்கு இவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும் என்று போட்டி போட்டுக் கேட்பார்கள். யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குப் பணம். எங்கள் தெருவில் அந்தச் சத்தம் காளவாசல் சிக்னல் வரை கேட்கும் என்பார்கள். அன்று என்ன ஆயிற்று என்று பத்மாவதி சொன்னாள்.

"அக்கா வந்து ஒக்காந்தாங்க. விசயத்த நான் சொன்னேன். ரெண்டு லட்சம் சீட்டு, யாரு கேக்குறீங்கன்னேன். ஒருத்தி வாயத் தெறக்கலண்ணே. முத்துலெட்சுமி மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், இந்த மாசம் அவதான் எடுக்கிறதா ஊருக்கே தெரியும். அவகூட, 'டீச்சரக்கா, நீங்க கேளுங்க'ன்னுட்டுக் குனிஞ்சு பூக்கட்ட ஆரம்பிச்சுட்டா. அக்கா மட்டும் கேட்டாங்க. முடிஞ்சுபோச்சு."

இருபது பெண்கள். ஒரு ஏலம். ஒரே ஒரு குரல். முப்பத்தாறு வருட சர்வீஸில் இப்படி ஒரு நடைமுறையை நான் எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது.

தப்பாக நினைக்க வேண்டாம். பதிவு இல்லாத சீட்டு ஆபத்தானதுதான். எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அந்தச் சீட்டுப் பணத்தில் வாங்கிய வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று இதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் முதல் வேலையாக முத்துலெட்சுமி மகனின் பீஸ் போய்ச் சேர்ந்தது. கெடு தாண்டிவிட்டதால் அந்தப் பையன் அபராதத்தோடு கட்டியிருக்கிறான். அபராதத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது முத்துலெட்சுமி அதை மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வங்கிக் கணக்கும் லாக்கரும் இப்போது இரண்டு பேர் பெயரில். இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம். வங்கி அதிகாரி வீட்டுக்கு வந்து, சாட்சி வைத்து, என் இடது பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு போனார். சின்ன வயசு. என்னைவிட நல்ல மேனேஜர். பைல் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. ஒரு நகல் பத்மாவதி வீட்டில். இதைப் படிக்கிற நீங்களும் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: உங்கள் வீட்டு ஏற்பாடுகளில் எத்தனை நீங்கள் செத்தால் மட்டும் வேலை செய்யும், எத்தனை நீங்கள் உயிரோடு விழுந்து கிடந்தாலும் செய்யும் என்று பாருங்கள். விடை உங்களுக்குப் பிடிக்காது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஸ்டெல்லா விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்தவள் நேராக சோபாவில் போய்ப் படுத்தாள். கையை மார்பில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"என்ன ஆச்சு?" என்று பதறிப்போய் வாக்கரைத் தேடினேன்.

"விழுந்துட்டேன். சாகல. பேச்சு வரல."

"பேச்சு வராதவ பேசலாமா?"

"கேள்வித்தாள் டீப்பாய்ல இருக்கு. இடது கையால எழுதுங்க."

கோடு போட்ட தாளில், அவளுடைய அழகான கையெழுத்தில் பத்துக் கேள்விகள். கார்ப்பரேஷன் தண்ணீர் எந்த நாள் வரும்? கேஸ் எந்த நம்பரிலிருந்து புக் செய்வது? வேலைக்கு வரும் அம்மாவின் பெயர் என்ன? உங்கள் பிரஷர் மாத்திரை எந்த டப்பா? காலையிலா, ராத்திரியா?

அவளுடைய ஆதார் எண் எனக்கு மனப்பாடம். பான் எண் மனப்பாடம். இரண்டையும் அவள் கேட்கவே இல்லை. வேலைக்கு வரும் அம்மாவின் பெயரைத் தவிர, ஒவ்வொரு கேள்வியாகக் காலியாக விட்டுக்கொண்டே வந்தேன்.

பத்தாவது கேள்வி: எனக்கு எந்த ஊசி ஒத்துக்காது?

முப்பத்தெட்டு வருடக் கல்யாணம். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். எழுந்து வந்து, தாளை வாங்கி, சிவப்பு மையில் இரண்டு மார்க் போட்டாள். வேலைக்கார அம்மாவின் பெயருக்கு ஒன்று. கையெழுத்துக்கு ஒன்று. பிறகு அந்தப் பத்தாவது கேள்விக்கு மட்டும் விடையைத் தானே எழுதிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனாள்.

ஸ்டெல்லாவுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது. இதை இங்கேயே எல்லோரும் பார்க்க எழுதி வைக்கிறேன். லாக்கரில் வைக்கப்போவதில்லை.