எதிர் நாற்காலி

என் ஒன்றுவிட்ட தங்கைக்கு ஒரே மகள். வீட்டில் அவளைக் கூப்பிடுவது முணுமுணு என்று. அண்ணன் தம்பி கிடையாது. அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பூட்டிய வீட்டுக்குள் தனியாக டீச்சர் விளையாட்டு; டீச்சரும் அவளே, பிள்ளைகளும் அவளே. தப்பாகச் சொன்ன பிள்ளையை அதட்டிவிட்டு, அதற்காக அழவும் செய்வாள்.

படித்து முடித்ததும், கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் கம்பெனியில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் தாய்மாமன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"யோசனை சொல்றதுக்குச் சம்பளமா? நம்ம சொந்தத்துல ஒவ்வொருத்தனும் கல்யாண வீட்டுக்கு வந்து ஓசியிலயே சொல்லிட்டுப் போறானே!"

"அதை யாராவது கேட்டீங்களா மாமா? காசு குடுத்தாத்தான் கேப்பாங்க."

ஆனால் வேலை லேசில் கிடைக்கவில்லை. அந்த நேர்முகத் தேர்வே தனி தினுசு. எதிரே இருப்பவர் ஒரு கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்லி, நோண்டி நோண்டிக் கேள்வி கேட்பார். கேட்கக் கேட்க இவள் வழி சொல்ல வேண்டும். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து மாறி மாறிக் கேட்டுப் பழகுவார்களாம். கூடப் படித்தவர்களெல்லாம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். இரண்டு கம்பெனியில் தோற்ற இவளுக்கு மிஞ்சியது ஒரு வாடகை அறையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும். சின்ன வயசு வித்தையைத் திரும்ப எடுத்தாள். ஒரு நாற்காலியில் தன் குரலில் பதில். எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைக் குரலில் கேள்வி. இப்படியே ஏழு மாதம்.

கீழே தையல்கார அக்கா. வீடு அவளுடையது. ஆம்பளை யாரும் மாடி ஏறக்கூடாது என்று சொல்லித்தான் சாவி கொடுத்திருந்தாள். மூன்றாவது கம்பெனியின் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், மிஷினை நிறுத்திவிட்டு மேலே வந்து கதவைத் தட்டினாள்.

"உள்ள யாருடி?"

"யாருமில்லக்கா."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. பிஸ்கட் ஏன் விக்கலன்னு ஒருத்தன் அதட்டினானே!"

"அது நான்தான்க்கா."

கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளியலறையில் எல்லாம் தேடினாள் அக்கா. இவள் கட்டைக் குரலில் பேசிக் காட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எதிரெதிரே கிடந்த நாற்காலிகளைப் பார்த்ததும் பாதியில் நின்றுபோனது.

"ஆள் இருந்திருந்தாக்கூடத் திட்டிட்டுப் போயிருப்பேன்டி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் தேர்வில், நரைத்த தலை அதிகாரி ஒருவர் நஷ்டத்தில் ஓடும் பஸ் கம்பெனியைப் பற்றிக் கேட்டார். டிக்கெட் விலையை ஏற்றலாம் என்று இவள் ஆரம்பித்தாள். அவர் தலை குனிந்து குறிப்பு எழுதினார். அறை அமைதியாகிவிட்டது. ஏழு மாதப் பழக்கம், கட்டைக் குரல் தானாக வந்து விழுந்தது:

"ஏத்தினா கூட்டம் குறையாதா?"

பேனா நின்றது.

"இப்பக் கேட்டது யாரு?"

இதுவும் போச்சு என்று நினைத்தாள். "நீங்க சார். அதாவது, நீங்க கேப்பீங்கன்னு நான்…"

"யாரோட பழகினீங்க?"

"என்னோடதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "நானும் அதைத்தான் கேக்க இருந்தேன். பதிலைச் சொல்லுங்க."

வேலை கிடைத்துவிட்டது. இப்போது நாலு வருஷமாகிறது. திங்கட்கிழமை ஒரு ஊருக்குப் போனால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவாள். போகிற கம்பெனியில், ஆளைக் குறைக்க வந்தவள் என்று பயந்து, சாப்பாட்டு நேரத்தில் இவள் மேஜைக்கு ஒருவரும் வர மாட்டார்கள். மாமன் மட்டும் சொந்தக்காரர்களிடமெல்லாம் அவளைப் பற்றிப் பெருமையடித்துத் திரிகிறான்.

போன வாரம் போனில் சொன்னாள்:

"ஹோட்டல் ரூம்ல எப்பவும் ரெண்டு நாற்காலி இருக்கும் பெரியம்மா. போனதும் ஒண்ணை எதிர இழுத்துப் போட்டுக்குவேன். பேசறதுக்கு இல்ல, சும்மாதான். வேலை முடிஞ்சு வந்து பாத்தா, சுத்தம் பண்றவங்க அதை மறுபடி சுவரோரமாத் தள்ளி வெச்சிருப்பாங்க."