ஆழ்கடல் வலைக்கு ஒரு ரஃபூ: காஞ்சிபுரம், தென்னேரி ஒரு நாள் பயணம்

பொங்கல் கழிந்த வாரத்தில், கிழிந்த வலை ஒன்றைத் துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். ஊர் சுற்றும் எண்ணம் அன்று துளியும் இல்லை.

நான் சென்னையில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கடலில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளைப் பிடிக்கும் நைலான் வலை அது. கூம்பு வடிவம், இரண்டரை மீட்டர் நீளம். ஒவ்வொரு கண்ணும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். துறைமுகத்தில் ஏற்றும்போது கொக்கி மாட்டி நான்கு சென்டிமீட்டர் கிழிந்துவிட்டது. மாற்று வலையோ போன பயணத்திலேயே கடலோடு போய்விட்டது. புதிது வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும். கப்பல் மூன்றாம் நாள் காலை கிளம்புகிறது. இரண்டு ஆண்டுகளாக இதே வலையால் மாதிரி எடுத்துவருகிறேன். கிழிசலை அப்படியே விட்டால் பிடித்தது நழுவும், துணி வைத்து ஒட்டினால் தண்ணீர் போகிற வேகம் மாறும். எப்படியும் இரண்டு ஆண்டு உழைப்பு வீண்.

எலி கடித்த தன் கல்யாணப் பட்டுப்புடவையை, கடித்த இடமே தெரியாமல் சரிசெய்து கொடுத்த ஷமீமா என்பவரைப் பற்றிக் கூட வேலை செய்யும் தோழிதான் சொன்னாள். அந்த வேலைக்கு ரஃபூ என்று பெயர். துணியின் ஓரத்திலிருந்தே இழைகளை உருவி, கிழிசலுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து மூடுவது.

தாம்பரத்தில் காலை 6.10 பேருந்து, டிக்கெட் 58 ரூபாய். 8.15-க்குக் காஞ்சிபுரம். பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏழுமலை என்பவரின் ஆட்டோவில் பெரிய காஞ்சிபுரம் போனேன், 80 ரூபாய். பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. மாடியில் ஒற்றை அறை. ஷமீமாவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேல் இன்னொரு உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் கட்டியிருந்தார்.

வலையை விரித்துப் பார்த்தவர் உடனே மடித்து என்னிடமே நீட்டினார்.

“இது பட்டு இல்லமா, நைலான். இழை வழுக்கிக்கினு போயிடும். என்னால முடியாது.”

“கண் அளவு மாறாம இருந்தா போதும், அக்கா. நாளன்னிக்கு கப்பல்.”

“கப்பலா? இத்த வெச்சிக்கினு இன்னா மீன் புடிப்பீங்க?”

மீன் இல்லை, அரிசிக் குருணையைவிடச் சிறிய உயிரிகள் என்றேன். அவர் மறுபடி வலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “பொடவை நெசவு இதவிட நெருக்கம்தான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விளிம்பு மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவிப் பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

நூற்றிருபது இழைகளுக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம். நான் எதிரே மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு இழையையும் ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று ஊசி முனையால் தள்ளிவிட்டு, கண்ணின் அகலத்தை ஒரு முள்ளால் சரிபார்த்தார். நுண்ணோக்கி இல்லாமல் அந்த வேலையைச் செய்ய எங்கள் கூடத்தில் ஒருவராலும் முடியாது.

முடித்ததும் வலையைக் கொடுக்கவில்லை. “தண்ணியில எப்படி இழுக்குதுனு நான் பாக்கணும். எங்கனா ஏரிக்குப் போலாம்.”

வாலாஜாபாத்துக்கு அருகில் உள்ள தென்னேரி. காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். காலையில் வந்த ஏழுமலையையே கூப்பிட்டோம்; காத்திருப்பும் சேர்த்து 900 ரூபாய் கேட்டார். மதியம் 1.40-க்குக் கரையில் நின்றோம். மழைக்காலம் முடிந்த ஏரி, எதிர்க்கரை மெல்லிய கோடாகத் தெரிந்தது.

மதகின் மேலிருந்து வலையை வீசி ஏழுமலையும் நானும் கயிற்றை இழுத்தோம். பாதி வந்ததும் வலை உப்பியது, ரஃபூவின் கீழ்முனை பிளந்தது.

“போச்சா மேடம்?” என்றார் ஏழுமலை.

ஷமீமா ஈர வலையை மடியில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். “பொடவை நேரா தொங்கும். இது சாஞ்ச மாதிரி இழுக்குதுபா. நான் பொடவைக்குச் செய்றாப்ல கிழிசலோட நிறுத்திட்டேன், அதான்.” பிளந்த முனையைப் பிரித்து, இழைகளைக் கிழிசலுக்கு வெளியே இன்னும் ஒரு விரற்கடை நீட்டிக் கோத்தார். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. ஏழுமலை ஆட்டோவின் படுதாவைப் பிடித்து மறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்; யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இரண்டாம் முறை இழுத்தோம். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் இழுத்தோம். பிரியவில்லை.

வலையின் அடிக்குடுவையில் சேர்ந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஷமீமாவிடம் கொடுத்தேன். உருப்பெருக்கியை இறக்கிப் பார்த்தவர், “துள்ளுது, துள்ளுது!” என்று கத்தினார். கடலிலும் இதன் உறவுக்காரர்கள்தான் என்று சொல்லி, எங்கள் வேலையை விளக்கினேன். காற்றிலிருக்கும் கரியமில வாயு, அதாவது கரி, கடலின் மேல்நீரில் கரைகிறது. வெயிலில் நுண்பாசிகள் அதை உணவாக்குகின்றன. பகலெல்லாம் ஆழத்து இருட்டில் ஒளிந்திருக்கும் இந்தச் சிற்றுயிர்கள், பொழுது சாய்ந்ததும் நூற்றுக்கணக்கான மீட்டர் மேலேறி வந்து பாசியைத் தின்று, விடிவதற்குள் திரும்ப இறங்கிவிடும். அவற்றின் கழிவும், செத்த உடல்களும், பாசித் துணுக்குகளும் பனித்தூள் போலக் கீழே விழுந்துகொண்டே இருக்கும்.

“கீழ இருட்டுல கீறதெல்லாம் இன்னா துன்னும்?”

“பெரும்பாலும் மேலேருந்து விழுறதைத்தான், அக்கா.”

“மொத்தமும் அடி வரைக்கும் போய்ச் சேருமா?”

“வழியிலயே முக்கால்வாசிக்கு மேல மத்த உயிர்கள் தின்னுடும், இல்லனா அழுகிடும். கொஞ்சம்தான் அடியாழம் போகும். அந்தக் கொஞ்சம் கரி மறுபடி காத்துக்கு வர பல நூறு வருஷம் ஆகும்.”

ஏழுமலை புட்டியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். “இத்தனூண்டா இருந்துக்கினு இம்மாம் வேலையா?” புட்டியை அவரே ஏரியில் பத்திரமாகக் கவிழ்த்தார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: தென்னேரியைப் பட்டுக்கடைப் பயணத்தோடு சேர்த்து அரை நாளில் பார்க்கலாம். மழை முடிந்த மாதங்கள் நல்லது. ஆட்டோவைத் திரும்பி வரவும் பேசிக்கொள்ளுங்கள். கரையில் வண்டி கிடைப்பது கடினம். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். மதகில் வழுக்கும், குழந்தைகளை விடாதீர்கள். முடிந்தால் ஓர் உருப்பெருக்கி எடுத்துப் போங்கள், ஒரு டம்ளர் ஏரித் தண்ணீர் போதும், நேரம் போவதே தெரியாது. ரஃபூ வேலை இருந்தால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். இயற்கை வெளிச்சத்தில் செய்வதையே ரஃபூ செய்பவர்கள் விரும்புகிறார்கள்.

கப்பல் சொன்ன நாளில் கிளம்பியது. வங்கக் கடலில் பன்னிரண்டு முறை, பகலில் ஆறும் இரவில் ஆறுமாக, ஐந்நூறு மீட்டர் ஆழத்துக்கு வலையை இறக்கினோம். முதல் முறை அது மேலே வந்தபோது பிடித்த உயிரிகளைப் பார்க்கவில்லை, ரஃபூவைத்தான் தடவிப் பார்த்தேன். ஓர் இழைகூட நகரவில்லை. கடலின் அடியாழத்துக்கு உணவும் கரியும் போகிற வழியை அளக்கும் பயணத்தில், ஒரு மாடியறையின் மூன்று மணி நேரமும் ஏரிக்கரையின் ஒரு மணி நேரமும் அப்படியே தாங்கி நின்றன.

திரும்பியதும் அந்த இடத்தை நுண்ணோக்கியில் அளந்தேன். இரண்டு கண்கள் மட்டும் கொஞ்சம் சிறுத்திருந்தன. ஷமீமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னபோது, விளையாட்டாக அதையும் சொல்லிவைத்தேன்.

“வலைய எடுத்துக்கினு வாமா” என்றார். “அந்த ரெண்டு கண்ணையும் பிரிச்சுப் போடணும்.”

“ஆய்வுக்கு அது ஒண்ணுமே இல்லை, அக்கா. தேவைப்படாது.”

“உனக்குத் தேவைப்படாதுமா” என்றார். “எனக்குத் தேவைப்படுது.”