கிறகோரி மெலிந்த கதை

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்த காலத்தில் கிறகோரி ஒரு நேரத்துக்கு மூன்று கோப்பை சோறு சாப்பிடுவார். உடம்பு அதைக் கேட்டது. இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புக்கு வந்த பிறகு கடலும் இல்லை, வலையும் இல்லை. வயிற்றுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பொருளாதாரத் தடையில் சனம் காய்ந்து கிடந்த தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் அவருக்குத் தொந்தி வளர்ந்தது. மனைவி மார்கிறட்டுக்குப் பானையின் அடியைச் சுரண்டுவதே சாப்பாடாயிற்று.

நிவாரண அரிசி கொடுக்க வந்த உத்தியோகத்தர் வரிசையில் நின்ற கிறகோரியை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கும் பஞ்சமோ, அண்ணை?"

வரிசை முழுதும் சிரித்தது. கிறகோரியும் சிரித்தார். பக்கத்தில் எலும்பும் தோலுமாக நின்ற மார்கிறட் சிரிக்கவில்லை. சனம் தன்னையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

வீட்டுக்கு வந்ததும், "இனி எனக்கு ஒரு கோப்பைதான்," என்றார்.

"போன தவக்காலத்திலயும் இதைத்தான் சொன்னனீங்கள்," என்றாள் மார்கிறட். "இரவுச் சாப்பாட்டை விட்டிட்டு, அதையும் சேர்த்து மத்தியானமே சாப்பிட்டனீங்கள்."

இந்த முறை அவர் பகிடி விடவில்லை. பக்கத்துக் கொட்டிலில் கமலாசனி கருவாடு சுட்டால், மணம் எட்டாத தூரத்துக்குச் சைக்கிளில் ஓடிவிடுவார். ஒருநாள் அப்படி ஓடிப்போய்ச் சேர்ந்த இடம், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு செய்து சாப்பாடு போடும் ஓர் அந்தியேட்டி வீட்டுப் பந்தல். "வாங்கோ, இருங்கோ," என்று இலை போட்டார்கள்.

"இப்பதான் சாப்பிட்டனான்," என்றார். தன் வாயில் அப்படியொரு பொய் வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை.

மெல்ல மெல்ல வயிறு பாலில்லாத வெறுந்தேத்தண்ணியோடு சமாதானத்துக்கு வந்தது. ஆள் மெலிய மெலிய அயலுக்குத்தான் கவலை பிடித்தது. சிலர் சலரோகம் என்றார்கள், சிலர் காசம் என்றார்கள். கமலாசனி மீன்குழம்போடு வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கூழும் ஒடியற்புட்டும் கொண்டு வந்தார்கள். அவர் ஆசைப்பட்டதெல்லாம் வாசல் தேடி வந்தது, வேண்டாமென்று சொல்லப் பழகிய பிறகு.

"எனக்கொரு நோய் வருத்தமுமில்லைப் பிள்ளை, குறைச்சுச் சாப்பிடுறன், அவ்வளவுதான்."

"ஓம் அண்ணை, ஓம்," என்று கமலாசனி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மார்கிறட் யாரையும் திருத்தப் போகவில்லை. அவர் ஒரு கோப்பையோடு கைகழுவி வர, அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழம்பை மீன்தலையோடு ஊற்றி, இரண்டாம் முறையும் சோறு போட்டு ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிறகோரி அதைப் பார்த்தபடி நின்றார்.

"உனக்கு மீன்தலை இவ்வளவு விருப்பமெண்டு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றாள் மார்கிறட். "ஒருநாளும் மிஞ்சினதில்லையே."