கம்பத்தடி டெர்வ்லா

ஆறிப்போன தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு, கணினியில் வேலை பார்க்கிறவரின் முதுகுக்குப் பின்னால் டெர்வ்லா ஹூலகன் நின்றுகொண்டிருக்கிறார். திரையை அவர் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவரின் கண் எங்கே போகிறது, விரல் எங்கே தயங்குகிறது, கொட்டாவி எப்போது வருகிறது, இவைதான் அவருக்கு வேண்டும். "ஏங்க, உக்காருங்களேன், கூச்சமா இருக்கு" என்பார்கள். "உக்காந்தா கோடு தெரியாதும்மா. நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கோ" என்பார். அந்த உருவத்தை இல்லையென்று நினைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அயர்லாந்தில், எங்கள் கில்கென்னி ஊரில், ஓர் இறைச்சிக் கடையின் மேல்மாடியில் அவருக்கு வேலை. வேலை தேடுவோரின் விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருளை அங்கே எட்டுப் பேர் செய்கிறார்கள். முதலாளி ஃபின்டன் ஃபீலன், டெர்வ்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஆளெடுக்கும் காரியத்தில் மூக்கை நுழைக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பியச் சட்டம் உயர் அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் விழுந்தால் சோதனை, சான்று, கண்காணிப்பு என்று சின்ன நிறுவனத்துக்கு மூச்சு முட்டிவிடும். ஆனால் ஒரு விலக்கும் உண்டு. எந்திரம் எடுபிடி வேலை பார்க்கிறது, மனிதரின் முடிவை அசைக்கவில்லை என்றால் பட்டியலுக்கு வெளியே நிற்கலாம். ஆளையே எடைபோடத் தொடங்கிவிட்டால் அந்தக் கதவும் சாத்தியாயிற்று. விலக்கு உண்டா இல்லையா என்று முதலில் சொல்ல வேண்டியவர் யார் என்றால், அதைச் செய்தவரேதான்! காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிய வேண்டும். இந்த மாடியில் அந்தக் கையெழுத்து டெர்வ்லாவுடையது.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கண் சிமிட்டுவார்கள். எங்களுக்கு இது புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மட்டையும் பந்துமாக ஆடும் கமோகி ஆட்டத்தில், கோல் கம்பத்தடியில் வெள்ளை அங்கியோடு நிற்பவரும் பெரும்பாலும் உள்ளூர்க் குழுவின் ஆள்தான். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வெளியே என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைப்பார். பல வருஷமாக எங்கள் ஊர்க் கம்பத்தடி டெர்வ்லாவுக்குத்தான். அங்கி கீழே இறைச்சிக் கடையில் வாங்கியது. எத்தனை துவைத்தும் பையோரத்தில் ஒரு பழுப்புக் கறை போகவில்லை.

போன வருஷக் கடைசி ஆட்டத்தில், ஃபின்டனின் மகள் ஐலீஷ் அடித்த பந்து கம்பத்தை உரசிக்கொண்டு போனது. ஊரே குதித்தது. டெர்வ்லா கையைக் குறுக்கே வைத்தார். "யேசு மரி சூசையே! டெர்வ்லா, உன் கண்ணுல என்ன வெண்ணெயா அப்பியிருக்கு?" என்று வேலியோரத்திலிருந்து ஃபின்டன் கத்தினார். டெர்வ்லா கையை இன்னும் உயர்த்தினார். "கையத் தூக்கினா மைதானத்தோட அந்தக் கோடியில இருக்கறவனுக்கும் தெரியணும். பாதி தூக்கறவ வீட்டுல இருக்கட்டும்" என்பது அவருடைய கட்சி. ஐலீஷ் மறுநாளே பேசிவிட்டாள். ஃபின்டனுக்குத்தான் ஒரு மாசம் பிடித்தது.

அலுவலகத்தில் அவருக்கு ஒரு வினோத வழக்கம். 'மட்டும்' என்ற சொல்லைக் கேட்டால் காதை விடைத்துக்கொள்வார். "இது பேரை மட்டும்தான் பார்க்குது", "தேதியை மட்டும்தான் எடுக்குது" என்று யார் சொன்னாலும் ஒரு பொட்டலம் பிஸ்கட் அபராதம். "மட்டும்னு ஒருத்தன் சொன்னா, எதையோ மறைக்கிறான், இல்லாட்டி அவனுக்கே தெரியல." பிஸ்கட் டப்பா எப்போதும் நிறைந்தே இருக்கும்.

இந்த வசந்தத்தில் ஒரு பெரிய ஹோட்டல் குழுமம் வந்தது. கோடைக்கு ஆள் எடுக்க வேண்டும், புதிய மென்பொருள் வேண்டும். புதியது விண்ணப்பங்களை ஒரே அமைப்பில் வைப்பதோடு, பொருத்தம் பார்த்து மேலிருந்து கீழாக அடுக்கியும் கொடுக்கும். "அடுக்கித் தருது, அவ்வளவுதான்" என்றார் ஃபின்டன், அபராதச் சொல்லைக் கவனமாகத் தவிர்த்து. "எல்லாத்தையும் மனுஷங்கதான் படிச்சு முடிவெடுக்கறாங்க. விலக்கு உண்டுன்னு எழுதிடு, தாயே."

டெர்வ்லா எழுதவில்லை. காரை எடுத்துக்கொண்டு அந்தக் குழுமத்தின் கடலோரத்து ஹோட்டலுக்குப் போய், புதியதைச் சோதனையாக ஓட்டிப் பார்த்த ஆளெடுக்கும் அதிகாரி அசம்ப்டாவின் பின்னால் தேநீரோடு நின்றார். நேர்மையான பெண் அசம்ப்டா. "சத்தியமா எல்லாத்தையும் படிப்பேங்க" என்றாள். மேலேயிருந்து படித்தாள். நடுவில் தொலைபேசி வந்தது. கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து கேக் எங்கே என்று கேட்டது. தேநீர் வேளை வந்தது. திரும்பி வந்து, மேலே படித்தவர்களிலேயே தேவையான ஆட்களை எடுத்துவிட்டாள். கீழே இருந்தவர்களை அவள் கண் தொடவே இல்லை.

"கடைசியில இருக்கறதைத் தெற, கண்ணு" என்றார் டெர்வ்லா.

திறந்த விண்ணப்பக்காரி ஒரு பெரிய சமையலறையையே கட்டி மேய்த்தவள். பிறகு நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டு சில வருஷம் வீட்டில் இருந்தவள். "அடக் கடவுளே, இப்படி ஒருத்தியத்தானே தேடிட்டிருந்தேன்!" என்றாள் அசம்ப்டா. இடைவெளியைப் பார்த்து, இவள் வேலையில் நிலைக்க மாட்டாள் என்று எந்திரம் கணித்துக் கீழே தள்ளியிருந்தது.

மாடிக்குத் திரும்பியதும் டெர்வ்லா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "இது எடுபிடி இல்ல, ஃபின்டன். ஆளை எடைபோடுது. விலக்கு கிடையாது."

"இந்த ஒப்பந்தம் போனா இந்த மாடியில எத்தன நாற்காலி மிஞ்சும், தெரியுமா?"

"தெரியும். என்னோடதையும் சேத்துத்தான் எண்ணினேன். அந்த அடுக்கற வேலைய எடுத்துடு. ஒரே அமைப்புல வச்சுக் குடுக்கறதோட அது நிக்கட்டும். இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்."

ஃபின்டன் நாற்காலிகளை ஒருமுறை எண்ணிவிட்டு, அதைச் சொல்லக் குழுமத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

வியாழக்கிழமை குழுமத்தின் பெரிய மனிதர் கார்மக், பளபளக்கும் காலணியோடு படியேறி வந்தார். அடுக்கித் தராத மென்பொருள் அவருக்கு வேண்டாம். டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே பேசினார். "செய்றவங்களே சொல்லிக்கலாம்னுதானே சட்டம் இருக்கு? நீங்கதானே இங்க முதலாளி? இந்தம்மா போடாட்டி என்ன, வேற யாரையாவது போடச் சொல்லுங்க. ஒரு கையெழுத்து மட்டும்தானே?"

தட்டச்சுச் சத்தங்கள் நின்றன. கீழே கத்தி எலும்பில் இறங்கும் சத்தம் கேட்டது. டெர்வ்லா சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் ஆட்டம் இல்லை.

ஃபின்டன் எழுந்தார். "கார்மக், எங்க ஊர்க் கம்பத்தடியில எங்க ஆளுதான் நிக்கும். அப்படியும் வெளியூர்க் குழுவெல்லாம் நம்பி ஆட வருது. ஏன் தெரியுமா? அங்க நிக்கறது இவ. என் பொண்ணு அடிச்ச பந்தையே வெளியேன்னு சொன்னவ." அதைச் சொல்லும்போது, உலகக் கோப்பையைத் தன் மகளே வாங்கி வந்ததுபோல அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, வெளியே என்று குறுக்கே வைத்தார். பழக்கமில்லாத கைகள், மார்புக்கு மேலே எழவில்லை.

டெர்வ்லா தேநீரைக் கீழே வைத்தார். முதலாளியின் பின்னால் போய் நின்று, அவருடைய இரண்டு முழங்கைகளையும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.