டிரெட்மில்லும் ஆறாவது விதியும்

எங்கள் வீட்டு டிரெட்மில் மகள் கொடுத்தது. மேடவாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் அவள், வாங்கிய முதல் மாதம் அதன் மேல் ஓடினாள். இரண்டாவது மாதம் நடந்தாள். மூன்றாவது மாதத்திலிருந்து ஈரத் துணி உலர்த்தினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துப் பெரும்பாலான டிரெட்மில்களின் பணிப் பதிவேடு இப்படித்தான் இருக்கும்.

அது சிட்லபாக்கத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவியின் இடது மணிக்கட்டு. மழைநீர் வடிகாலுக்காக எங்கள் தெருவைத் தோண்டி, ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பலகையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலை நடைக்குக் கிளம்பியவள் அந்தப் பலகையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. நடை கூடவில்லை. கேட் வரை போவாள், தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பாள், செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் மாதிரித் திரும்பிவிடுவாள். வடிகாலை மூடி, சாலையும் போட்ட பிறகும் அப்படியேதான்.

அதற்குள் சர்க்கரை ஏறிவிட்டது. மூன்று மாதச் சராசரி ஒன்பதைத் தாண்டியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூணு மாசம் டைம் தரேம்மா. தினம் அரை மணி நேரம் நடக்கணும். அப்பவும் குறையலேன்னா இன்சுலின் ஆரம்பிச்சுடலாம்."

அவளுடைய அக்கா பல வருடமாக வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறவர். விசேஷ வீடுகளில்கூடப் பந்திக்கு முன்னால் ஒரு மூலையறையைத் தேடிப் போவதை இவள் பார்த்திருக்கிறாள். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சொன்னாள். "எனக்கு ஊசி வேண்டாங்க." அவ்வளவுதான். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் நேரடியாகக் கேட்ட விஷயங்கள் குறைவு. அன்றே மகளுக்குப் போன் செய்தேன்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மறைமலை நகர் தாண்டி ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். கடைசிப் பதினொரு வருடம் பாதுகாப்பும் என் பொறுப்பு. அந்தப் பதினொரு வருடத்தில் என் பிரிவில் யாருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறெதற்கும் இல்லை.

இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்க எதிர்வீட்டுக்காரர் வந்தார். எங்கள் தெரு இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் வயல். இப்போது கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கிறார். தினமும் ஏரியை நான்கு சுற்று நடக்கிறவர், வீட்டுக்குள் நடப்பதை ஒரு வியாதியாகவே கருதுகிறவர்.

"இன்னா சார், ஏரி கீது, காத்து கீது. கரண்ட்ட போட்டுகினு நின்ன எடத்துலயே நடக்கணுமா? பேஜாரா இல்ல?"

"உங்க ஏரியில எமர்ஜென்சி ஸ்டாப் இல்லையே."

"அக்கா, இவர வச்சுகினு எப்டிக்கா காலம் தள்றீங்க?" என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டு, இயந்திரத்தின் கனமான முனையை அவரே தூக்கினார்.

ஹாலில் வைத்ததும் தேங்காய் எண்ணெய் வாசனை. பெல்ட் கிறீச்சிட்டபோது மகள் சமையலறையில் கைக்குக் கிடைத்ததை ஊற்றியிருக்கிறாள். பொறியியல் படித்தவள். ஓடும் பெல்ட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் பலகைக்கும் நடுவே போட வேண்டியது சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான். மற்ற எண்ணெயெல்லாம் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், பெல்ட்டைக் கெடுக்கும், மோட்டாரை மூச்சுத் திணற வைக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி, முன்பக்க மூடியைத் திறந்தால் மோட்டாரைச் சுற்றிப் பஞ்சும் முடியும் ஒரு தலையணைக்குத் தேறும் அளவு இருந்தது. கூடவே ஒரு கம்மல் திருகாணி. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

மூடி திறந்திருந்த அந்த இரண்டு நாளும் பிளக் பாயிண்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். 'ஆள் வேலை செய்கிறார். தொடாதீர்கள்.' தொழிற்சாலைப் பழக்கம்.

"வீட்ல இருக்கறது ரெண்டு பேர்," என்றாள் மனைவி. "அந்த இன்னொரு ஆள் நான்தான். வாயால சொன்னா ஆகாதா?"

"வாயால சொல்றதெல்லாம் ஷிஃப்ட் மாறினா மறந்துடும்."

"இங்க ஏது ஷிஃப்ட்? நாப்பது வருஷமா எனக்கு ஒரே ஷிஃப்ட்."

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பதினாறு ஆம்பியரில் தனி இணைப்பு போடவைத்தேன். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது, இன்வெர்ட்டரோடு சேர்க்கவும் கூடாது. எர்த் இருக்கிறதா என்று சோதித்தேன். அவர் ஏற்கெனவே சோதித்ததைத் திரும்பச் சோதித்ததில் அவருக்கு வருத்தம். இயந்திரத்துக்குப் பின்னால் ஆறடி காலியாக இருக்க வேண்டும் என்பதால் சோபா சாப்பாட்டு அறைக்குப் போனது. விழுகிறவர் விழ இடம் வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் ஓடும் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். இதை அவளிடம் விளக்கியது தவறு. "நான் விழுவேன்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள்.

பிறகு விதிகளை எழுதினேன். ஒரே தாளில் பதினொன்று, லேமினேட் செய்து, கண் மட்டத்தில். ஏறும்போது பெல்ட்டின் மேல் நிற்காதே, இரு பக்க ஓரப் பட்டையில் கால் வைத்து நில். பெல்ட் நகர ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு காலாக அதன் மேல் வை. வேகத்தை ஒன்றில் தொடங்கு, மூன்றைத் தாண்டாதே. நிற்கும் முன் இரண்டு நிமிடம் வேகத்தைக் குறை. தனியாக இருக்கும்போது ஏறாதே. முடிந்ததும் பாதுகாப்புச் சாவியை (அது செருகியிருந்தால்தான் பெல்ட் ஓடும்) கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வை. இப்படி.

முதல் சண்டை நான்காவது விதியில் வந்தது: ஷூ அணியாமல் நடக்கக் கூடாது. சாமி அலமாரியும் அதே ஹாலில்தான் இருக்கிறது. சாமிக்கு எதிரே ஷூவா என்றாள். வெறுங்காலில் நடந்தால் பெல்ட் உள்ளங்காலைத் தேய்த்துவிடும், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் வந்தால் ஆறாது என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் தெருவையே பார்க்காத ஒரு ஜோடி புது ஷூ, அதை வைக்க ஒரு தனிப் பெட்டி, நடக்கும் நேரத்தில் சாமி அலமாரிக்குத் திரை என்று உடன்பாடு ஆனது. தொழிற்சங்கத்தோடுகூட நான் இவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை.

புடவையைப் பற்றிப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. சுடிதார் மகளோடு நின்றுவிட்ட சமாச்சாரம். ஆனால் அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடக்கும் பெண்கள் ஒரு மாதிரி ஏற்றிக் கட்டுவார்கள். அந்தக் கட்டு. கொசுவம் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. கரண்டைக் கால் தெரிய, வெள்ளை ஷூவோடு, பிள்ளையாருக்குத் திரை போட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை அவள் அதில் ஏறினாள். முதல் நாள் நான்கு நிமிடம். இரண்டு வாரத்தில் பதினைந்து. ஒரு மாதம் முடியும்போது இருபத்தைந்து. நான் பக்கத்தில் நாற்காலியில் செய்தித்தாளோடு காவல் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெல்ட்டின் இரு ஓர இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரு இழைகூட இல்லை. பிறகு நானே ஏறி, சாவியில் கட்டிய கயிற்றின் கிளிப்பை என் பனியனில் மாட்டிக்கொண்டு பின்வாங்குவேன். கயிறு இழுபட்டுச் சாவி பிடுங்கிக்கொள்ளும், பெல்ட் நிற்கும். டைரியில் 'சரி' என்று எழுதுவேன்.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை, போன் அடித்தது. அவள் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் அடி தாமதமானது. பெல்ட் அவளைப் பின்னால் கொண்டுபோனது. ஒரு அடி, இரண்டு அடி. சாவி பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். பிடுங்கிக்கொள்ளவில்லை. கிளிப் அவள் புடவைத் தலைப்பின் நுனியில் இருந்தது. அவள் பின்னால் போகப் போக, தலைப்பு இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு அவளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நீண்டுகொண்டே இருந்தது. சாவி இருந்த இடத்தில் நிம்மதியாக இருந்தது.

"என்னங்க," என்றாள். கத்தவில்லை.

அதற்குள் இரண்டு காலையும் ஓரப் பட்டைகளில் அகட்டி வைத்துவிட்டாள். வலது கை கைப்பிடியின் கடைசி நுனியைப் பிடித்திருந்தது. நடுவே பெல்ட் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து சாவியைப் பிடுங்கினேன். இறங்கினாள், ஷூவைக் கழற்றினாள், பெட்டியில் வைத்தாள், திரையை விலக்கினாள். ஐந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பழையபடி கேட் வரை போய், செம்பருத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். டாக்டர் சொன்ன கெடுவில் பாதி போயிருந்தது.

அந்த ஐந்து நாளும் நான் சுவரில் இருந்த தாளின் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆறாவது விதி: 'சாவிக் கயிற்றின் கிளிப்பை ஆடையில் மாட்டவும்.' இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். அவள் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்திருக்கிறாள். தலைப்பும் ஆடைதான். வாராவாரம் சோதித்தவன் பனியனில் மாட்டிச் சோதித்தான், நடந்தவள் புடவையில் நடந்தாள். தொழிற்சாலையில் ஒருவன் இப்படிச் சோதனை செய்து 'சரி' என்று எழுதியிருந்தால் அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

ஆறாம் நாள் காலை காபி கொண்டுவந்தவளிடம் சொன்னேன். "தப்பு உன் மேல இல்ல. நான் எழுதினதுதான் தப்பு."

அவள் டம்ளரை வைத்தாள்.

"இத தேதி போட்டு, கையெழுத்து போட்டுக் குடுங்க."

கொடுத்தேன். திருத்தம் ஒன்று என்று தலைப்பிட்டு, ஆறாவது விதியை அடித்து, எங்கே மாட்டுவது என்று அவளையே கேட்டேன். புடவையையும் ரவிக்கையையும் சேர்த்துத் தோளில் ஊக்கு குத்தும் இடத்தைக் காட்டினாள். கிளிப் ரவிக்கைத் தோளைக் கவ்வ வேண்டும், தலைப்பை இடுப்பைச் சுற்றி இறுகச் செருக வேண்டும். எழுதிக் கையெழுத்திட்டேன்.

"பனியன்ல பாக்காதீங்க," என்றாள். "பொடவையில பாத்துக் காட்டுங்க. அப்பறம் ஏறறேன்."

நியாயமான கோரிக்கை. அவளுடைய பழைய சுங்குடிப் புடவையை என் கால்சட்டைக்கு மேல் அவளே சுற்றினாள், தோளில் பனியனோடு ஊக்கு குத்தினாள், தலைப்பைச் செருகினாள், கிளிப்பை மாட்டினாள். நான் மூன்றில் நடந்து, வேண்டுமென்றே அடியைத் தாமதப்படுத்தினேன். ஓர் அடிகூட முழுதாகப் போகவில்லை, சாவி பிடுங்கிக்கொண்டது, பெல்ட் நின்றது. நான் நிற்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, அங்கிருந்து பின்னால் இருந்த ஆறடிக் காலியிடத்துக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து, கணக்கெடுக்க வந்தவர் மாற்றிக் கொடுத்துவிட்ட எங்கள் மின்சார அளவீட்டு அட்டையைக் கொடுக்க எதிர்வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், வூட்ல எல்லாம் நல்லாத்தான கீறீங்க?"

"சோதனை நடக்குது."

"நடக்கட்டும், நடக்கட்டும். அக்கா, பொடவ அவருக்கு எடுப்பா கீதுக்கா."

என் மனைவி சிரித்தாள். கை உடைந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு, சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. புடவை மாற்றக்கூட எனக்கு நேரம் தராமல், "எறங்குங்க, நான் ஏறணும்," என்றாள். அன்று பத்து நிமிடம் நடந்தாள். மறுநாள் இருபது. மீதி இருந்த வாரங்களில் ஒரு நாள்கூட விடவில்லை. ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தனியாக ஏறக்கூடாது என்ற விதிக்காக எதிர்வீட்டுக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்து நடந்தாள். அறைக்குள் படுத்தபடி அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே சீராக இருந்தது. அந்தச் சத்தத்தைச் சீராக வைத்திருப்பவன் நான், அதன் மேல் சீராக நடப்பவள் அவள். காய்ச்சலிலும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். அறிக்கையைப் பார்த்தார். ஒன்பது புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஆறு ஆகியிருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

"ஊசி இப்ப வேண்டாம்மா. இப்படியே தொடருங்க. எங்க நடக்கறீங்க, ஏரியிலயா?"

"வீட்லயே மெஷின்ல, டாக்டர்."

"டிரெட்மில்லா? இந்த வயசுல அது கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். விழுந்துட்டா கஷ்டம்."

"விழற மாதிரி இருந்தா அதுவே நின்னுடும். நாங்க விழுந்து பாத்துட்டோம்," என்றாள் அவள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தேன். அவள் கைப்பையை மூடிக்கொண்டே மேலும் கேட்டாள்.

"டாக்டர், மூணுல நடக்கறது இப்ப ரொம்ப மெதுவா இருக்கு. மூணரை வைக்கலாமா?"

"மூச்சு வாங்கலேன்னா தாராளமா வைக்கலாம். எதுக்கும் சாரைக் கேட்டுக்கோங்க."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அனுமதி கேட்டு என் முன்னால் வந்து நின்றவர்களை முப்பத்து நான்கு வருடம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நல்ல விண்ணப்பம் ஒன்று வந்ததில்லை. பெல்ட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு நாளைக் காலை சொல்கிறேன் என்றேன்.