வரிசையக்காவின் புதன்கிழமை

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு, வரிசையக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போவார். நான்கு மடக்குதான். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, திரையைப் பார்த்து, “ம், அடுத்து நீங்க வாங்க” என்பார். கம்ப்யூட்டருக்குத்தான் இந்த மரியாதையெல்லாம். பஸ் நிறுத்தத்தில் யாராவது குறுக்கே புகுந்தால், “இத்தனை பேர் நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?” என்று அவர் கேட்கிற கேள்வியில், புகுந்தவர் மட்டுமல்ல, ஒழுங்காக நிற்பவர்களும் ஓரடி பின்வாங்குவார்கள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அவருடைய அலுவலகம் மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்கிறது. ஒரே மென்பொருளைப் பதினான்கு பேக்கேஜ்களாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே வொர்க்ஸ்பேஸில் கூட்டுக்குடும்பம் போல வைத்திருக்கிறார்கள். அந்தந்த வாரத் திருத்தங்களுக்குப் புதிய பதிப்பு எண் கொடுத்து, புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒவ்வொன்றாக இணையக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கடைகளின் கம்ப்யூட்டர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். தொல்லை என்னவென்றால், ஒன்றை நம்பித்தான் இன்னொன்று பிழைக்கிறது. தேதி பார்க்கிற பேக்கேஜ் முதலில் போக வேண்டும். அதன் பிறகுதான் காலாவதி பார்க்கிறது, அதற்கும் பிறகுதான் பில் போடுகிறது. அனுப்பிய எண்ணைத் திரும்ப வாங்கவும் வழியில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், அதுவரை பெரும்பாலும் தானே அனுப்பிவந்த அக்கா காய்ச்சலில் படுத்த ஒரு புதன்கிழமை, மற்றவர்கள் கூடி அனுப்பினார்கள். தேதி பேக்கேஜை மட்டும் பழைய பதிப்பிலேயே விட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் ஊரிலிருந்த மருந்துக்கடைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம், அன்று காலை வந்து இறங்கிய மருந்தைக்கூடக் காலாவதி என்று சாதித்தன. அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்கவே ஆளாளுக்குப் பயந்தார்கள். அதற்குப் பிறகு, “அக்கா கை பட்டாத்தான் சரியா வரும்” என்று சொல்லி மொத்த வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். கேட்கப் பாராட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் புதன்கிழமை லீவு என்ற ஒன்றே இல்லாமல் போனது.

அக்காவுக்கோ அந்தப் புதன்கிழமைதான் வேண்டும். வயது நாற்பத்து மூன்று. நீச்சல் தெரியாது. பதினொரு வயது மகள் நீச்சல்குளத்தின் ஆழப் பக்கத்திலிருந்து “வாம்மா, வாம்மா” என்று கூப்பிடும்போதெல்லாம், அக்கா கரையில் துண்டுக்குக் காவல் இருப்பார். மற்ற அம்மாக்கள் தண்ணீரில் மகள்களைத் துரத்துவதைப் பார்க்க அவருக்குப் பொறாமையாகவே இருக்கும். அதை அவர் மறைப்பதும் இல்லை. பெரிய பெண்களுக்கான வகுப்பு புதன்கிழமை பத்து மணிக்கு மட்டும்தான். இரண்டு முறை பெயர் கொடுத்து, இரண்டு முறையும் போகவில்லை. வாங்கிய நீச்சலுடையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

“அது அலமாரிக்குள்ளேயே நீந்திக்கிட்டு இருக்கும்மா” என்றாள் மகள்.

மூன்றாவது முறை பெயர் கொடுத்தபோது பயிற்சியாளரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். “இதுவும் வரலைன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

அக்கா வீம்பாக உட்கார்ந்தார். யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று தானே பார்த்து, முறைப்படி நிறுத்தி, எண் போட்டு, பத்து மணிக்குத் தானாகவே அனுப்புகிற ஒரு நிரலை நான்கு மாதம் எழுதினார். எதிர் மேசையில் இருக்கும் சோதனையாளர், தானாக நடக்கும் எதையுமே நம்பாதவர். தானாகத் திறக்கும் கதவுக்கு முன்னால்கூட ஒரு நொடி நின்று யோசிப்பார். “நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும், அக்கா” என்றார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, ஒத்திகைக் கிடங்கில் ஓட்டிப் பார்த்தபோது மூன்று போயிற்று, நான்காவது நின்றுவிட்டது. அதையே அக்கா கையால் அனுப்பினால் சமர்த்தாகப் போகிறது. மறுபடி நிரலை ஓடவிட்டால் நிற்கிறது. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். வரிசையில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. வகுப்பு தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது.

அக்கா கையால் அனுப்புவதை ஒருநாள் சோதனையாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் எழுந்து எங்க போறீங்க?”

“தண்ணி குடிக்கத்தான். ஏன் தம்பி?”

“மெஷினுக்கு யாரு தண்ணி குடுக்கறா?”

அக்கா தண்ணீர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அனுப்பிய பேக்கேஜைக் கிடங்கு வாங்கி, பிரித்து, எடுக்கத் தோதாக அடுக்கி வைக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கிறது. அந்த ஒரு நிமிடத்தை ஆறு வருடமாக அவர் நான்கு மடக்குத் தண்ணீரில் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார், தனக்கே தெரியாமல். நிரலோ மூச்சுவிடாமல் அடுத்தடுத்து அனுப்ப, யாரையும் நம்பாத முதல் மூன்றும் தப்பிவிட, நான்காவதிடம் ‘முந்தையது இன்னும் இங்கே இல்லையே’ என்று கிடங்கு கையை விரித்திருக்கிறது. அன்று மாலையே, ‘அடுக்கியாச்சா’ என்று கிடங்கைக் கேட்டு, ஆயிற்று என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புமாறு திருத்தினார். ஒத்திகையில் பதினான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. சோதனையாளர் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, நான்காவது முறையும் ஓட்டினார்.

அந்தப் புதன்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அக்கா நீச்சல்குள உடைமாற்றும் அறையில் நின்றார். தொலைபேசி அடித்தது.

“அக்கா, இன்னைக்குப் பதினாலுமே போகுது. நிஜக் கிடங்கு. ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமா?” என்றார் சோதனையாளர்.

அக்கா, “வேண்டாம் தம்பி. எங்கயாவது சிக்குனா அதுவே நின்னுக்கும், மேல போகாது. நீங்க பக்கத்துல இருங்க, போதும்” என்று சொல்லி, போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ரப்பர் வளையத்தில் கோத்த சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில், குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி ஏழு பெண்கள். சுவர்க் கடிகாரம் பத்தைத் தொட்டது. பத்து இரண்டு. பத்து நான்கு. அக்காவின் உதடுகள் ஏதோ பெயர்களை முணுமுணுத்தன. “கம்பியை விடுங்க” என்றார் பயிற்சியாளரம்மா. மற்ற ஆறு பேரும் விட்டார்கள். அக்கா விடவில்லை. கம்பியைப் பிடித்தபடியே நகர்ந்து, படியேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட அறைப் பக்கமாக நடந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் பயிற்சியாளரம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

அக்கா பாதியில் நின்றார். திரும்பி அவரிடமே வந்து, சாவியை மணிக்கட்டிலிருந்து கழற்றி அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

“பதினோரு மணி வரைக்கும் நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.”