ஒன்பதாவது மெஷினுக்கு இடமில்லை

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு மூன்று வேலை: தள்ளுவது, துடைப்பது, பதில் சொல்வது. முதல் இரண்டுக்கும் ஆள் பிடித்துவிடலாம். மூன்றாவதை நாமேதான் செய்தாக வேண்டும்.

என்னுடையது இரண்டே சீட், கூரை இல்லாத சிவப்பு வண்டி. எனக்கு முன்னால் பிறந்தது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அதே வண்டி வைத்திருக்கும் நீங்கள் "எனக்கு ஒருநாளும் வழியில் நின்றதில்லையே" என்று கூசாமல் பொய் சொல்வீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

திருப்பூர் மங்கலம் ரோட்டில் எனக்கு ஒரு நிட்டிங் ஷெட் இருக்கிறது. நூல் கொடுத்தால் பனியன் துணியாக ஓட்டித் தருவோம். எட்டு மெஷின். ஒன்பதாவது நிற்க வேண்டிய இடத்தில் கார் நிற்கிறது. என் வீட்டுச் சண்டை மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

கெடு

ஷெட்டில் என் மனைவி கலாமணியின் அண்ணன் பங்குதாரர். வாரம் ஒருமுறை இஞ்சி டேப்போடு வருவார். காரைச் சுற்றிக் குனிந்து குனிந்து அளப்பார். அவர் அளப்பது காரை அல்ல, கார் போன பிறகு மிச்சமாகும் தரையை. "மாப்பிள்ளை, முப்பது இன்ச் டயா மெசினு தாராளமா உக்காரும்" என்பார். நான் காதில் வாங்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அப்போது ஒரு வருடமாகவே வண்டி சொந்தக் காலில் வீடு திரும்பியதே இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கிளம்பும், மூன்று கிலோமீட்டர் போகும், இருமும், நிற்கும். துணி ரோல் ஏற்றும் டெம்போ வந்து கயிறு கட்டி இழுத்து வரும். ஆடி மாதம் ஒரு நாள் அப்படி வந்து இறங்கியபோது கலாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள்:

"ஏனுங்க, ஆயுத பூசைக்குள்ள ஒருக்கா ஊத்துக்குளி போயி வெண்ணெய் வாங்கிட்டு, கயிறு கட்டாம திரும்பி வந்துருங்க. வந்துட்டா கார் இருக்கட்டும். இல்லாட்டி வித்துப்போட்டு மெசின எறக்கீரலாம்."

சிவப்பு பெயிண்டில் எழுதியும்

மற்ற எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸ் பாடியோடு சேரும். நம் வண்டியில் பிளஸ் சேரும். ஏன் என்று கேட்காதீர்கள், இங்கிலாந்தில் அப்படித்தான் ஆசைப்பட்டிருக்கிறார்கள். இதை நான் பேட்டரிக்குப் பக்கத்திலேயே சிவப்பு பெயிண்டில் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

ஹாரன் வேலை செய்யவில்லை என்று எலக்ட்ரீஷியன் சிவராஜை வரச் சொன்னேன். பத்து நிமிடம் டீக்கடைக்குப் போனேன், அதுதான் நான் செய்த தப்பு. திரும்பி வந்தால் பானெட்டுக்கு அடியிலிருந்து சாம்பிராணி போட்டது போல் புகை. சிவராஜ் பெருமையோடு கையைத் துடைத்தபடி என்னை எதிர்கொண்டு வந்தார்:

"உங்க வண்டில வயர தப்பா மாட்டி, தப்பாவே எழுதியும் வச்சிருந்தாங்கண்ணா. ரெண்டையும் நான் சரி பண்ணி வுட்டுட்டனுங்க."

ஆடிட்

திருப்பூரில் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் கொலைக் குற்றம். ரோலே திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் எண்ணெய் சொட்டுவதையே பிறவிக் குணமாகக் கொண்ட வண்டியை நான் வைத்திருக்கிறேன். அடியில் எப்போதும் ஒரு அலுமினியத் தட்டு இருக்கும்.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பாக ஆடிட் செய்ய ஒரு பெண் வந்தார், கையில் டேப்லெட்டோடு. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கழிப்பறை எல்லாம் பார்த்து முடித்தார். கடைசியில் தட்டைப் பார்த்தார். தட்டுக்கு மேலே இருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கார் என்று ஒத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அதுவும் மெஷின்தாங்க." அவர் டேப்லெட்டில் மேலும் கீழும் தேடினார்.

"சார், எட்டு மெஷினுக்கும் சர்வீஸ் கார்டு இருக்கு. ஒன்பதாவதுக்கு ஸ்டியரிங் இருக்கு. இதை நான் ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?"

அங்குலம்

நம் வண்டியின் நட்டு, போல்ட்டு எல்லாம் அங்குலக் கணக்கு. ஊரில் இருக்கும் ஸ்பேனர் எல்லாம் மில்லிமீட்டர். பொருந்தாததைப் போட்டுத் திருகித் திருகி மெக்கானிக்குகள் பாதி நட்டுகளை உருண்டையாக்கி வைத்திருந்தார்கள். பழைய நிட்டிங் மெஷின்களை உடைத்து விற்கும் ஒரு கடையில், இங்கிலாந்து மெஷின் ஒன்றோடு வந்த அங்குல ஸ்பேனர் செட் துருவோடு கிடந்தது. தங்கம் கிடைத்தது போல் எடுத்து மடியில் கட்டாத குறை. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அந்த மெசினையே போன வருசம் ஒடச்சுப்போட்டமுங்க. நீங்க உங்களுத எப்பக் கொண்டு வர்றீங்க?"

மூன்று கிலோமீட்டர்

கெடுவுக்குப் பத்து நாள் இருந்தது. பெட்ரோல் பம்பை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன், மெக்கானிக்கையே இரண்டு முறை மாற்றினேன். வண்டி மூன்று கிலோமீட்டரை விட்டுக் கொடுக்கவில்லை. அன்றைக்கு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஷெட்டில் துணி செக்கிங் பார்க்கும் செல்வி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், தண்ணீர் குடிக்க வந்தவர் நின்றார். திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். காற்று உள்ளே போகும் ஃபில்டருக்குள் விரலை விட்டு இழுத்தார். இட்லித் துணி கனத்துக்குப் பஞ்சு வந்தது. இன்னொரு ஃபில்டரிலும் அதே. நிட்டிங் ஷெட்டில் பறக்கிற பஞ்சு முழுவதையும் வண்டி வருடக்கணக்காக மூச்சாக இழுத்திருக்கிறது! மழை படாமல், வெயில் படாமல் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன் என்று நான் பீற்றிக்கொண்ட இடம்தான் அதன் கழுத்தை நெரித்திருக்கிறது.

"மெசினுக்கு மணிக்கொருக்க பஞ்சு போகக் காத்து அடிக்கச் சொல்லுதிய அண்ணாச்சி, இதுக்கு என்னைக்காவது அடிச்சியளா?"

ஊத்துக்குளி

காற்று அடித்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினேன். சாட்சி வேண்டும் என்று கலாமணி தானே ஏறி உட்கார்ந்தாள், மடியில் டெம்போவின் நைலான் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு. மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. நான்கு வந்தது. ஐந்து வந்தது. பத்தில் அவள் யாரும் அடையாளம் கண்டுவிடாமல் தலையில் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்துவிட்டாள். ஊத்துக்குளியில் வெண்ணெய்க் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "வண்டி வெலைக்கு வருமுங்களா?" என்று ஒருவர் என்னைக் கேட்க, கலாமணி வெண்ணெயை வாங்கியபடியே "இல்லீங்க" என்றாள். எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

திரும்பும்போது நல்ல வெயில், திருப்பூருக்குள் நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் இஞ்சின் கொதித்தது. ஷெட் கேட்டுக்கு நூறடி முன்னால் வண்டி நின்றேவிட்டது. கேட்டில் மச்சான், கையில் டேப். "கயிறு இருக்குதில்ல? டெம்போவக் கூப்புடட்டுமா மாப்பிள்ளை?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். கலாமணி கதவைத் திறந்து இறங்கினாள். கயிற்றைச் சீட்டிலேயே போட்டாள். பின்னால் போய் இரண்டு கையையும் வண்டியில் வைத்தாள். கேட்டைத் தாண்டும்வரை அவள் தள்ளினாள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓடிக்கொண்டே தள்ளினேன். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு வாங்க நின்று அவள் சொன்னாள்:

"கயிறு கட்டாம வரோணும்னுதானுங்கண்ணா பேச்சு. தள்ளப்படாதுன்னு நான் சொல்லவே இல்லீங்களே."

ஒன்பதாவது மெஷின் வந்துவிட்டது. என் ஆபீஸ் ரூமை இடித்து அதை இறக்கினோம், நான் இப்போது காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் ஆபீஸ் நடத்துகிறேன், மணிக்கு ஒருமுறை எனக்கும் சேர்த்தே காற்று அடிக்கிறார்கள்.